கயாக்கில் முதல் மாதம்: விழுந்து ஏறுவதிலிருந்து தொடங்குங்கள்

இரு முனைத் துடுப்பால் ஓட்டும் சிறுபடகான கயாக்கை ஓட்ட வருகிற எல்லோரும் முதலில் கேட்பது, துடுப்பு எப்படிப் போடுவது என்றுதான். ஓரளவு நேராகப் போகிற அளவுக்குத் துடுப்பு போடுவது அரை மணி நேரத்தில் வந்துவிடும். முதலில் கற்க வேண்டியது வேறு: தண்ணீரில் விழுந்தபின், யார் கையும் இல்லாமல், திரும்பப் படகில் ஏறுவது. அது கைவந்தவருக்கு விழுவதில் பயம் இருக்காது. பயம் இல்லாவிட்டால் இடுப்பு இறுகாது. இடுப்பு தளர்ந்திருந்தால் படகு தன் போக்கில் ஆடிச் சமநிலைக்கு வந்துவிடும். பயந்து விறைத்து உட்காருகிறவர்தான் அடிக்கடி கவிழ்வார்.

கல்லூரிக் காலத்தில் ஓட்டிவிட்டு, பத்துப் பதினைந்து வருடம் கழித்துத் திரும்ப வருகிறவர்களுக்கும் இதே வரிசைதான். கை பழகிய வேலையை மறக்காது. ஆனால் தண்ணீரிலிருந்து படகின் மேல் இழுத்து ஏற்ற வேண்டிய உடம்பு அன்றைக்கு இருந்த உடம்பு இல்லை. அதை நடு நீரில் போய்க் கண்டுபிடிக்கக் கூடாது.

இங்கே சொல்வதெல்லாம் தமிழ்நாட்டின் கிழக்குக் கரையையும் அதன் உப்பங்கழிகளையும் வைத்துத்தான்: சென்னைக்குத் தெற்கே முட்டுக்காடு, கோவளம்; சிதம்பரம் பக்கத்தில் பிச்சாவரம்; ராமேஸ்வரம், தூத்துக்குடி. காற்றும் நீரோட்டமும் ஊருக்கு ஊர் மாறும். படகும் உடம்பும் எங்கும் ஒன்றுதான்.

காற்றைப் பார்த்து நாள் குறியுங்கள்

உங்கள் கை பலத்தைவிடக் காற்றுதான் அன்றைய பயணத்தைத் தீர்மானிக்கும். புதியவர் ஓட்டும் பத்தடி கயாக் அமைதியான நீரில் மணிக்கு 4 முதல் 5 கி.மீ. போகும். எதிரே 20 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால் அதில் பாதி வேகம்கூடக் கிடைக்காது. காற்று மணிக்கு 10 கி.மீ.க்குள் இருக்கிற நாளில் தொடங்குங்கள். 15க்கு மேல் என்றால் கரையோரத்தை விடாதீர்கள். 20க்கு மேல் என்றால் படகை இறக்கவே வேண்டாம். கைபேசியில் பார்ப்பதோடு நிற்காமல் தண்ணீரையும் பாருங்கள். அலை உச்சிகளில் வெள்ளை நுரை ஆங்காங்கே தெரிய ஆரம்பித்துவிட்டால் அது புதியவருக்கான நீர் இல்லை.

கிழக்குக் கரையில் விடியற்காலையில் காற்று பெரும்பாலும் மெதுவாகக் கரையிலிருந்து கடலுக்குப் போகும். நிலம் சூடேறியபின், முற்பகல் 11 மணி வாக்கில், கடல் காற்று கரைக்குத் திரும்பும். அதனால் காலை 6 மணிக்கு இறங்கி 9 மணிக்குள் கரையேறுவது நல்ல பழக்கம். வெயிலுக்கும் அதுதான் நல்லது.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இந்தக் கணக்கு மாறும். அப்போது மேல்காற்று (மேற்கிலிருந்து வரும் காற்று) காலையிலேயே பலமாக அடிக்கும், கடல் காற்று திரும்பவும் நேரமாகும். கரையில் நின்று பார்த்தால் கடல் குளம்போலத் தெரியும். காற்று நம் முதுகிலிருந்து அடிப்பதால் கரையோரத்தில் அலை எழும்ப இடமில்லை, அவ்வளவுதான். அந்த அமைதியை நம்பி 500 மீட்டர் உள்ளே போனவர் திரும்பும்போதுதான் காற்றின் முழுக் கனத்தையும் முகத்தில் வாங்குவார். கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று இப்படிப் பலமாக அடிக்கும் நாளில் கடலில் கயாக் இறக்காதீர்கள். அன்றைக்கு உப்பங்கழி போதும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவம். அலை பெரிது, கழிமுகங்களில் வெள்ளம் வெளியேறும், கலங்கல் நீரில் அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரைதான் தொடங்குவதற்குச் சரியான பருவம். ஏப்ரல், மே மாதங்களில் காலை நன்றாக இருக்கும். மதியத்துக்கு மேல் தெற்கத்திக் காற்று வலுக்கும், சில நாள் இடிமழையும் வரும். இடிச் சத்தம் காதில் விழுந்துவிட்டால் உடனே கரை. நீர்ப்பரப்பில் உயரமான பொருள் நீங்களும் உங்கள் துடுப்பும்தான்.

ராமேஸ்வரத்தில் இரண்டு கடல் இருப்பது வசதி. தென்மேற்குப் பருவத்தில் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளித்தால் பாக் நீரிணைப் பக்கம் அடங்கியிருக்கும். வடகிழக்குப் பருவத்தில் இது தலைகீழ். மன்னார் வளைகுடாவில் இருக்கும் 21 தீவுகளும் கடல்வாழ் தேசியப் பூங்காவுக்குள் வருபவை. எட்டிவிடும் தூரத்தில் தெரிந்தாலும் அனுமதி இல்லாமல் அங்கே போய் ஏறக் கூடாது.

தென்கோடிக் கரையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உள்ளூரில் காற்றே இல்லாத நாளில், எங்கோ தூரத்துப் புயல் எழுப்பிய நீண்ட அலைகள் திடீரென்று வந்து கரையை வாரும். கள்ளக்கடல் என்பது இதைத்தான். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் (இந்தியக் கடல்சார் தகவல் சேவை) மையம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது. கடலில் இறங்குவதாக இருந்தால் முந்தின நாள் அதையும், வானிலைத் துறையின் மீனவர் எச்சரிக்கையையும் பாருங்கள். அதற்கும் மேல் ஒரு வழி, கரையில் வலை பிரித்துக்கொண்டிருக்கும் மீனவரிடம் கேட்பது. இன்றைக்கு நீவாடு, அதாவது நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை அவர் சொல்கிற மாதிரி எந்தச் செயலியும் சொல்லாது.

படகு: மூன்று முறை வாடகை, பிறகு விலை

முதல் நாளே வாங்கிவிடாதீர்கள். கோவளம், முட்டுக்காடு பக்கமும் ராமேஸ்வரத்திலும் பயிற்சியோடு வாடகைக்குத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். குறைந்தது மூன்று தடவை, முடிந்தால் மூன்று விதமான படகுகளில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நம் வெப்பத்துக்கும் வெதுவெதுப்பான நீருக்கும் முதல் படகாக சிட்-ஆன்-டாப் வகையே சரி. படகின் மேல் உட்காருகிறோம், உள்ளே அல்ல. கவிழ்ந்தால் சிக்கிக்கொள்ள இடமில்லை. ஏறும் தண்ணீர் படகின் மேலிருந்து அடிவரை போகும் துளைகள் வழியாகத் தானே வடியும். நீளம் 9 முதல் 11 அடி, அகலம் 75 முதல் 80 செ.மீ., எடை 20 முதல் 27 கிலோ என்று பாருங்கள். எவ்வளவு எடை தாங்கும் என்று தயாரிப்பாளர் போட்டிருக்கும் அளவில் முக்கால் பங்குக்குள் உங்கள் எடையும் சாமான் எடையும் அடங்க வேண்டும். எல்லை வரை ஏற்றினால் படகு தாழ்ந்து, அந்த வடிதுளைகள் வழியாகவே தண்ணீர் மேலே வந்து உட்காரும் இடத்தில் தேங்கும்.

அகலமான படகு நிதானமாக நிற்கும், ஆனால் மெதுவாகப் போகும். நீளமான ஒடுங்கிய படகு விரைவாகவும் நேராகவும் போகும், ஆனால் ஆடும். 60 செ.மீ. அகல நீளப் படகைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிய புதியவர்களில் பலர் ஒரே மாதத்தில் அதைச் சுவரோரம் சாய்த்துவிடுகிறார்கள்.

இருவர் படகு மலிவாகத் தெரியும். ஆனால் 12 அடி நீளமும் 30 கிலோவுக்கு மேல் எடையும் உள்ளதை ஒருவர் தனியாகக் காரின் மேல் ஏற்ற முடியாது. கூட வருகிறவருக்கு நேரமில்லாத ஒவ்வொரு வாரமும் படகும் வீட்டிலேயே கிடக்கும்.

மாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்குக் காற்றடைக்கும் கயாக் நல்ல வழி, பொம்மைத்தனமானதைத் தவிர்த்துவிட்டால். அடித்தளம் டிராப்-ஸ்டிச் முறையில் (மேல், கீழ்ப் பரப்புகளை உள்ளே நெருக்கமான நூல்களால் இணைத்து) செய்யப்பட்டதாக இருக்கட்டும். அந்த வகை 8 முதல் 10 பிஎஸ்ஐ வரை அழுத்தம் தாங்கிப் பலகைபோல விறைப்பாக நிற்கும். சாதாரண பிவிசி பக்கவாட்டுக் குழல்களுக்கு 1 முதல் 3 பிஎஸ்ஐதான்; ஒவ்வோர் அறைக்கும் எவ்வளவு என்று வால்வு அருகிலேயே அச்சிட்டிருப்பார்கள், கண்மதிப்பில் அடிக்காதீர்கள். முழு அழுத்தத்தில் அடைத்த படகைக் கரையில் வெயிலில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். உள்ளே காற்று சூடேறி விரிந்து தையல் பிரிந்துவிடும். கரையேறியதும் ஒவ்வொரு வால்விலும் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள்.

பழைய படகு வாங்கினால் மூன்று இடங்களைப் பாருங்கள்: பின்முனையின் அடி, இழுத்து இழுத்துத் தேய்ந்திருக்கும், வடிதுளைகளின் விளிம்பு, அங்கே மயிரிழை விரிசல் விழும், டிரெயின் பிளக் (படகுக்குள் புகுந்த நீரை வடிக்கும் திருகுமூடி), அதன் ரப்பர் வளையம் காய்ந்திருக்கும். கடைசியாகச் சொன்ன அந்த ஐந்து ரூபாய் வளையம்தான் பெரிய ஆபத்து. படகின் வெற்று உடலுக்குள் பத்து லிட்டர் தண்ணீர் புகுந்துவிட்டால், சாயும் பக்கமெல்லாம் அந்தத் தண்ணீரும் ஓடிச் சேர்ந்து, எவ்வளவு அகலமான படகையும் கவிழ்க்கும். படகு வழக்கத்தைவிட மந்தமாக ஆடுகிறது என்று தோன்றினால் உடனே கரைக்கு வந்து பிளக்கைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் இறங்கும் முன் பிளக்கைக் கையால் தொட்டு முறுக்கிப் பார்ப்பது பழக்கமாகட்டும்.

உடம்பில் போடுவதும் கையில் பிடிப்பதும்

லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் பேரமே இல்லை. நீச்சல் தெரியும் என்பது ஒரு காரணம் ஆகாது. துடுப்பு போடுவதற்கு ஏற்றது 50 நியூட்டன் மிதப்பு கொண்ட, தோள்பக்கம் அகலமாக வெட்டிய ஜாக்கெட். படகு இல்லங்களில் தருகிற, கழுத்தைச் சுற்றிய ஆரஞ்சு நிறக் கட்டைகளோடு துடுப்பு போட்டால் கை முன்னே வராது. நீச்சல் தெரியாதவர் 100 நியூட்டன் ஜாக்கெட்டை, பயிற்றுநர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் போட்டுத் தொடங்கலாம். ஆனால் கூடவே நீச்சலும் கற்றுக்கொள்ளுங்கள்: நிற்காமல் 50 மீட்டர் நீந்தவும் ஐந்து நிமிடம் மிதக்கவும் தெரிந்தால் போதும்.

போட்டுக்கொண்டபின் பட்டைகளைக் கீழிருந்து மேலாக இறுக்குங்கள். பிறகு இன்னொருவரை இரண்டு தோள்பட்டைகளையும் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் தளர்வு. தண்ணீரில் அது உங்களை விட்டுவிட்டுத் தான் மட்டும் மிதக்கும், படகில் ஏறும்போதும் முகத்தை மறைக்கும். மார்புப் பட்டையில் ஒரு விசிலைக் கட்டிவிடுங்கள்.

துடுப்பின் நீளம் உங்கள் உயரத்தைவிடப் படகின் அகலத்தைப் பொறுத்தது. 75 செ.மீ. அகலத்துக்கு 230 செ.மீ., அதற்கும் அகலமானால் 240, 60 செ.மீ. ஒடுங்கிய படகுக்கு 215 முதல் 220. குட்டையான துடுப்பை அகலமான படகில் போட்டால் ஒவ்வொரு வீச்சிலும் விரல் படகின் ஓரத்தில் இடித்துத் தோல் உரியும். நடுவில் பொத்தான் வைத்த இரண்டு துண்டுத் துடுப்பில் முனைகளில் இருக்கும் பலகைகளான இரு பிளேடுகளையும் ஒரே கோணத்தில் வைத்துத் தொடங்குங்கள். கோணம் திருப்பி ஓட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

காலுக்குத் தடித்த அடியுள்ள, பின்பட்டை வைத்த செருப்போ பழைய கேன்வாஸ் ஷூவோ போடுங்கள். உப்பங்கழியில் வெறுங்காலோடு இறங்கினால் சிப்பி ஓடு கத்திபோல வெட்டும். ஆழமில்லாத இடத்தில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துத் தேய்த்து நகருங்கள். அடியில் படுத்திருக்கும் திருக்கை அதிர்வு கேட்டு விலகிப் போய்விடும். மேலே மிதித்தால் வால் முள்ளால் குத்தும்.

ஒரு மணி நேரத்துக்கு முக்கால் லிட்டர் தண்ணீர், முழுக்கைச் சட்டை, தாடைக் கயிறு உள்ள தொப்பி, நீர் புகாத உறையில் கைபேசி. கைபேசி ஜாக்கெட் பையில் இருக்க வேண்டும், படகில் அல்ல. படகு உங்களை விட்டுப் போய்விட்டால் அப்போதுதான் அது தேவைப்படும். கடலோரக் காவல் குழுமத்துக்கு 1093, கடலோரக் காவல்படையின் மீட்புக்கு 1554 என்ற எண்களைச் சேமித்து வையுங்கள். கிளம்பும் முன் எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

விழுந்து ஏறுதல்

இடுப்பு முதல் மார்பு வரை ஆழம், மணல் தரை, காற்றில்லாத காலை. கூட ஒருவர் நிற்கட்டும். வேண்டுமென்றே பக்கவாட்டில் சாய்ந்து விழுங்கள். தரையில் கால் ஊன்றாமல் பழகுங்கள், இல்லாவிட்டால் பயிற்சியே இல்லை.

விழுந்த அந்த நொடியில் ஒரு கை படகைப் பிடிக்க வேண்டும், இன்னொன்று துடுப்பை. இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்க முடியும் என்றால் படகு. காற்றில் வெறும் படகு நீங்கள் நீந்துவதைவிட வேகமாக ஓடும்.

படகு தலைகீழாக இருந்தால் அதன் நடுப்பகுதிக்கு வாருங்கள். வயிற்றை அடிப்பாகத்தின் மேல் ஏற்றி, கையை நீட்டி அந்தப் பக்கத்து ஓரத்தையோ கைப்பிடியையோ பிடியுங்கள். இந்தப் பக்கத்து ஓரத்தில் முழங்காலை அழுத்திக்கொண்டு, உடம்பு எடையைப் பின்னால் சாய்த்து இழுங்கள். படகு உங்களை நோக்கிப் புரண்டு நிமிரும். முகம் இடிபடாமல் தலையைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

இனி ஏறுவது. இருக்கைக்கு நேராக, படகுக்குக் குறுக்காக மிதந்து வாருங்கள். ஒரு கை இந்த ஓரத்தில், மற்றது எட்டும் வரை அந்தப் பக்கம். இப்போது அவசரப்படாமல் இரண்டு கால்களையும் உங்களுக்குப் பின்னால் நீரின் மேற்பரப்புக்குக் கொண்டுவாருங்கள், நீச்சலடிப்பதுபோல. உடம்பு கிடையாக மிதக்கும்போது காலை வேகமாக உதைத்து, படகை உங்களுக்குக் கீழே இழுத்துத் தள்ளுங்கள். உங்களைத் தூக்கி மேலே ஏற்றுவதாக நினைக்காமல், படகை வயிற்றுக்கு அடியில் இழுப்பதாக நினைத்தால் சரியாக வரும். தொப்புள் படகின் நடுக்கோட்டுக்கு வந்ததும் நின்று மூச்சு வாங்குங்கள். பிறகு புரண்டு இருக்கையில் உட்காருங்கள். கால் இரண்டும் இரு பக்கமும் நீரில் தொங்கட்டும், படகு ஆடாது. கடைசியாகக் கால்களை உள்ளே எடுங்கள். வயிறு, இருக்கை, கால்: வரிசை அவ்வளவுதான்.

முடியாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் கால்கள்தான். கை படகைப் பிடித்ததும் கால் படகுக்கு அடியில் போய்விடுகிறது. உடம்பு செங்குத்தாகத் தொங்குகிறது. அந்த நிலையில் முழு உடலையும் கையால் தூக்க வேண்டியிருக்கிறது, யாராலும் முடியாது. அடுத்த காரணம் தளர்ந்த ஜாக்கெட், அது விளிம்பில் தட்டி நிற்கும். கை பலம் உண்மையிலேயே போதாதவர்கள், கனமான நாடாவில் ஒரு வளையம் போட்டு இருக்கையருகே கைப்பிடியில் கட்டி, அது முழங்கால் ஆழத்தில் தொங்கும்படி விடலாம். அதில் கால் வைத்து ஏறலாம். ஏறியதும் வளையத்தை மேலே எடுத்துச் செருகிவிடுங்கள், தொங்கவிட்டால் எதிலாவது சிக்கும்.

தொடர்ந்து மூன்று முறை முயன்றும் முடியாவிட்டால் கரைக்கு வந்து இளைப்பாறிவிட்டுத் திரும்ப முயலுங்கள். ஆழ நீரில் யார் உதவியும் இல்லாமல், இரண்டு பக்கத்திலிருந்தும் ஏற முடிகிற நாள் வரை, நடந்து கரைக்கு வர முடியாத இடத்துக்குப் போக வேண்டாம். அந்த நாள் வந்தபிறகும் தனியாகப் போகாதீர்கள்.

துடுப்பு

இருக்கையில் நிமிர்ந்து உட்காருங்கள். முதுகுத் தாங்கி முதுகைத் தொட வேண்டும், அவ்வளவுதான். அதில் சாய்ந்தால் இடுப்பு வலிக்கும், மார்பும் திரும்பாது. பாதத்தின் முன்பகுதி படகில் கால் ஊன்ற இருக்கும் மிதியில் பட, முழங்கால் லேசாக மடங்கியிருக்கட்டும்.

துடுப்பைத் தலைமேல் வையுங்கள். இரண்டு முழங்கையும் செங்கோணத்தில் மடங்கும் இடம்தான் கை பிடிக்க வேண்டிய இடம். பிளேடின் குழிந்த முகம் உங்களைப் பார்க்க வேண்டும். பிளேடின் இரண்டு ஓரங்களில் நீளமானது மேலே இருக்க வேண்டும். அதில் எழுத்து அச்சிட்டிருந்தால் அது நேராகப் படிக்கிற மாதிரி வரும். வாடகைப் படகில் போகிறவர்களில் நிறையப் பேர் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, படகு ஏன் நேராகப் போகவில்லை என்று தவிப்பதைப் பார்க்கலாம்.

இடுப்பிலிருந்து மார்பைத் திருப்பி, பிளேடைப் பாதத்துக்குப் பக்கத்தில் முழுக்க நீரில் இறக்குங்கள். இறங்கிய பிறகுதான் இழுவை. கையால் இழுக்காமல் திரும்பிய மார்பைப் பழையபடி நேராக்குங்கள், கை நீண்டபடியே கூட வரும். அதே பக்கத்துக் காலால் மிதியை அழுத்துங்கள். இடுப்புக்கு வந்ததும் பிளேடை வெளியே எடுத்துவிடுங்கள். அதைத் தாண்டி இழுத்தால் பிளேடு தண்ணீரை மேலே தூக்கும், பின்முனையையும் ஒதுக்கும். படகு பாம்புபோல நெளிவது இதனால்தான். விரல்களைத் தளர்த்திப் பிடியுங்கள். தண்டை இறுக்கிப் பிடித்தவர்களுக்கு மறுநாள் மணிக்கட்டில் வீக்கம் வரும். சரியாகத்தான் போடுகிறோமா என்பதற்கு ஒரு சோதனை: வலி வயிற்றுப் பக்கவாட்டில் இருந்தால் சரி, புஜத்தில் இருந்தால் கையால் இழுத்திருக்கிறீர்கள்.

திருப்ப: பிளேடைப் பாதத்தருகே போட்டு, படகை விட்டு விலகிப் பெரிய அரைவட்டம் போட்டுப் பின்முனை வரை கொண்டுவாருங்கள். வலப்பக்கம் போட்டால் படகு இடப்பக்கம் திரும்பும். நிறுத்த: இடுப்பருகே பிளேடைச் செங்குத்தாக இறக்கி முன்னே தள்ளுங்கள், ஒரு பக்கம் மாற்றி ஒரு பக்கம், மூன்று நான்கு சின்னத் தள்ளல்களில் நின்றுவிடும். நிறுத்தத் தெரிந்தபிறகு மற்ற படகுகள் இருக்கும் இடத்துக்குப் போங்கள்.

பக்கக் காற்றில் படகின் முன்முனை தானாகவே காற்றை நோக்கித் திரும்பும். முன்னே போகிற படகில் முன்முனையை நீர் அழுத்திப் பிடித்திருக்க, பின்முனை காற்றுக்கு இளகிக் கொடுப்பதால் இப்படி. காற்று வரும் பக்கத்தில் நீளமான அரைவட்ட வீச்சுகள் போட்டால் சரியாகும். கனமான பையைப் பின்னால் தள்ளி வைத்தாலும் குறையும்.

எப்போதும் காற்றுக்கு எதிராகத் தொடங்கி, காற்றோடு திரும்புங்கள். உங்களிடம் இருக்கும் தெம்பில் மூன்றில் ஒரு பங்கு செலவானதும் திரும்பிவிடுங்கள். முதல் வாரம் 40 நிமிடம் போதும்.

விட்டுப்போனவர்கள் திரும்ப வரும்போது

நாற்காலியில் உட்கார்ந்தே கழிந்த வருடங்கள் தொடையின் பின்தசையையும் தோளையும் இறுக்கிவிட்டிருக்கும். தண்ணீரில் இறங்குவதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே, தரையில் காலை நீட்டி நிமிர்ந்து உட்கார்ந்து, துடைப்பக்குச்சியைத் தோளில் வைத்து இரு பக்கமும் 15 முறை திரும்புங்கள், ஒரு நாளைக்கு இரண்டு தடவை. காலை நீட்டி நிமிர்ந்தே உட்கார முடியவில்லை என்றால், அந்த இறுக்கம்தான் படகில் முதுகு வலியாக வரப்போகிறது. தோள் பயிற்சிக்கு முன் அதைச் சரிசெய்யுங்கள்.

தோளைப் பாதுகாக்க ஒரே விதி: கை எப்போதும் மார்புக்கு முன்னாலேயே இருக்க வேண்டும். பின்னால் எதையாவது செய்ய வேண்டுமென்றால் மார்பையே அந்தப் பக்கம் திருப்புங்கள். கையை மட்டும் தோளுக்கு மேலே, பின்னால் நீட்டியபோது படகு கவிழ்ந்தால் தோள் மூட்டு விலகும். பழைய நாளில் செய்த உயரமான பிரேஸை (கவிழாமலிருக்கத் துடுப்பை நீரில் ஊன்றுவது) மறந்துவிட்டு, முழங்கை தண்டுக்கு மேலே நிற்கிற தாழ்ந்த பிரேஸை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே உட்காரும் சிட்-இன் படகில் பழகியவர்கள், ஸ்ப்ரே ஸ்கர்ட் (இடுப்பைச் சுற்றி உட்காரும் துளையை மூடும் உறை) மாட்டுவதற்கு முன் வெட் எக்ஸிட்டை, அதாவது கவிழ்ந்த படகிலிருந்து நீருக்குள் வெளியேறுவதை, மறுபடியும் பழக வேண்டும். முதலில் ஸ்கர்ட் இல்லாமல், பிறகு ஸ்கர்ட்டோடு. கவிழ்ந்ததும் முன்னால் குனிந்து, விளிம்பைத் தடவியபடி முன்பக்க வளையத்தைப் பிடித்து, முன்னே தள்ளி மேலே இழுத்து விடுவித்து, இடுப்பருகே கையை ஊன்றிக் குட்டிக்கரணம் போடுவதுபோல வெளியே வாருங்கள். பின்னால் சாய்ந்தால் தொடை மாட்டிக்கொள்ளும். உடம்பு பெருத்திருந்தால் பழைய ஸ்கர்ட்டின் இறுக்கமும் மாறியிருக்கும். ரோல் (கவிழ்ந்த படகை வெளியேறாமலேயே புரட்டி நிமிர்த்துவது) அன்றைக்கு வந்தது என்பதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

பழைய ஜாக்கெட்டின் பஞ்சை அழுத்திப் பாருங்கள். அழுத்தியது அப்படியே குழிந்து நின்றாலோ, துணி நகத்தால் கீறினால் கிழிந்தாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள்.

கனோ

ஒற்றைப் பிளேடு, திறந்த படகு, முட்டி போட்டோ உயரமான பலகையிலோ உட்காருவது. நம் பக்கம் வாடகைக்குக் கிடைப்பது அரிது. கிடைத்தால் விடாதீர்கள், சாமானும் குழந்தையும் ஏற்றிக்கொண்டு போக அதைவிட நல்ல படகு இல்லை. ஒரே பக்கம் துடுப்பு போட்டால் படகு மறுபக்கம் திரும்பும் என்பதுதான் முதல் சிக்கல். வீச்சின் முடிவில், பிளேடு இடுப்பைத் தாண்டும்போது, மேல்கைக் கட்டைவிரலைக் கீழ்நோக்கித் திருப்பி, பிளேடால் நீரை வெளிப்பக்கம் லேசாகத் தள்ளுங்கள். படகு நேராகிவிடும். இருவர் கனோவைத் தனியாக ஓட்டினால், முன் இருக்கையில் பின்பக்கம் பார்த்து உட்காருங்கள். எடை நடுவுக்கு வரும். பின் இருக்கையில் உட்கார்ந்தால் முன்முனை வானத்தைப் பார்த்து, காற்று அதைப் பிடித்துச் சுழற்றும்.

ஏற்றமும் வற்றமும்

உப்பங்கழியில் கடலின் ஏற்றவற்றம் உண்டு. நம் கரையில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். சென்னைப் பக்கம் உயர வித்தியாசம் ஒரு மீட்டரை ஒட்டித்தான், அதுவும் அமாவாசை, பௌர்ணமியை அடுத்த நாட்களில். குறைவாகத் தெரிந்தாலும், அவ்வளவு பெரிய கழியின் தண்ணீர் முழுக்க ஓர் ஒடுங்கிய முகத்துவாரம் வழியாக வெளியேறும்போது அந்த இடத்தில் உங்கள் துடுப்பு ஈடுகொடுக்காது. ஆறு மணி நேரத்தில் நடுவில் வருகிற இரண்டு மணி நேரத்தில் மட்டும் மொத்த நீரில் பாதி நகர்ந்துவிடும். வற்றத்தில் முகத்துவாரத்துக்கு அரை கி.மீ.க்குள் போகாதீர்கள். வெளியேறும் நீரும் உள்ளே வரும் அலையும் மோதும் இடத்தில் அலை செங்குத்தாக எழும்பும். மணல்திட்டு அடைத்துக் கிடக்கும் கோடையில் பாதுகாப்பாக இருந்த அதே இடம், மழைக்குப் பிறகு முகத்துவாரம் உடைத்துக்கொண்டதும் வேறு இடமாகிவிடும்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் கிடக்கும் பிச்சாவரம் அலையாத்திக் காடு துடுப்புக்காரர்களின் கனவு. காற்று உள்ளே புகாது, நீர் கண்ணாடியாக இருக்கும். வனத்துறையின் கட்டுப்பாட்டில் இருப்பதால் சொந்தப் படகு கொண்டுபோகிறவர்கள் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். சுரபுன்னை வேர்கள் குறுக்கே வளைந்து நிற்கும் சந்துகளில் நீளத் துடுப்பு சிக்கும். துடுப்பை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியால் கனோபோல ஓட்டலாம். அந்த வேர்களில் ஒட்டியிருக்கும் சிப்பி காற்றடைத்த படகைக் கிழிக்கும். வற்றம் தொடங்கும்போது சந்துக்குள் நுழைந்தால் சேற்றில் தரைதட்டி அடுத்த ஏற்றம் வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். சேற்றில் இறங்கித் தள்ளப் பார்த்தால் தொடைவரை புதையும். ஏற்றம் பாதி வந்திருக்கும்போது உள்ளே போய், உச்சம் தாண்டியதும் வெளியே வந்துவிடுங்கள்.

கழிகளில் வலை கட்டியிருப்பார்கள். மிதவை வரிசையைக் கண்டால் இரண்டு முனையையும் கண்ணால் தேடி, சுற்றிப் போங்கள். அது ஒரு குடும்பத்தின் அன்றைய வருமானம், அதன் மேல் துடுப்பு படக் கூடாது. அடையாறு, கூவம், பக்கிங்காம் கால்வாயின் நகரப் பகுதிகள் சாக்கடை நீர். அங்கே இறங்கவே வேண்டாம். பெருமழைக்குப் பிறகு மற்ற இடங்களிலும் ஒரு வாரம் விட்டுவிடுங்கள். காலில் காயம் இருந்தால் எலிக்காய்ச்சல் வரும் வாய்ப்பு அப்போதுதான் அதிகம்.

கரையில்

அலை உள்ள கடற்கரையில் கரையேறும்போது படகுக்கும் கரைக்கும் நடுவில் நிற்காதீர்கள். அலை படகைத் தூக்கி உங்கள் முழங்காலில் அடிக்கும். படகின் கடல் பக்கமாகவோ முனையருகிலோ இறங்கி, முன்முனைக் கைப்பிடியைப் பிடித்து இழுத்து வாருங்கள்.

நல்ல தண்ணீரில் கழுவுங்கள், துடுப்பின் நடு இணைப்பைப் பிரித்து அதையும் கழுவுங்கள். உப்பு காய்ந்தால் இரண்டு துண்டும் ஒட்டிக்கொண்டு பிறகு பிரியாது. டிரெயின் பிளக்கைக் கழற்றிப் படகைச் சாய்த்து வையுங்கள்.

கார் கேரியரில் குறுக்குக் கம்பிகள் இரண்டுக்கும் இடையில் 70 செ.மீ.யாவது இருக்க வேண்டும். படகைத் தலைகீழாக வைத்து, பக்கிள் வைத்த சாதாரண நாடாப் பட்டையால் கட்டுங்கள். நெம்பி நெம்பி இறுக்கும் ராட்செட் பட்டை வேண்டாம், அதன் இறுக்கம் பிளாஸ்டிக்கை நசுக்கும். பட்டையில் ஒரு முறுக்கு போட்டால் ஓடும்போது இரையாது. முன்முனையிலிருந்து பம்பருக்கும் பின்முனையிலிருந்து பின்பக்கத்துக்கும் தனித்தனிக் கயிறு கட்டுங்கள். பத்து கி.மீ. ஓடியதும் நிறுத்தி ஒருமுறை இழுத்துப் பாருங்கள், புதுப் பட்டை கட்டாயம் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

வீட்டில் நேரடி வெயில் படாத இடம். அடிப்பாகத்தைத் தரையில் வைத்து மாதக்கணக்கில் விட்டால் நம் வெப்பத்தில் பிளாஸ்டிக் குழிந்து அலை அலையாகிவிடும். பக்கவாட்டில் சாய்த்து, இரண்டு முனையிலிருந்தும் நீளத்தில் கால்பங்கு உள்ளே வரும் இரண்டு இடங்களில் பழைய டயரோ தடித்த துணிச்சுருளோ முட்டுக்கொடுங்கள். லைஃப் ஜாக்கெட்டை நிழலில் தொங்கவிட்டு உலர்த்துங்கள். அதைக் கரையில் உட்கார மெத்தையாக யாருக்கும் கொடுக்காதீர்கள், உள்ளே இருக்கும் ஃபோம் நசுங்கினால் திரும்ப எழும்பாது.